இரவல் குரலுக்கு விருது இல்லை

பிலாய்,
12-2-89

கர்த்தருக்குள் பிரியமான மேரி அக்காவுக்கு, தம்பி ஐசக் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் பிளாரன்ஸும் சுகம். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. கிளிமூக்கு மாங்காய் வேண்டுமாம். பிலாயில் நான் எங்கே போவேன்? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னும் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாம்பரத்து வம்பையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மார்க்கெட்டில் ஒரு கடைக்குத் தமிழ்ப் பத்திரிகை வரும். போன வாரம் 'வெண்திரை முரசு' வெள்ளிவிழா மலர் கிடைத்தது. இருபத்தைந்து வருஷமாக அவர்கள் கொடுத்த விருதுகள் அத்தனையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. யார் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள்! பாயிலர் பக்கத்தில் நின்று படித்துவிட்டுத் தனியாகக் கத்தினேன். ஃபோர்மேன் திரும்பிப் பார்த்தான்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? கோயில் விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அப்பா ரயில்வே கார்டு யூனிஃபாரம் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காருவாரே. ஒரு கையில் முரசு, மடியில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, நாம் ஆளுக்கொரு கொடியைத் தூக்கவேண்டும். ஒருவர் சிவப்பைத் தூக்கினாலும் பத்திரிகைக்காரன் தீர்ப்பு செல்லாது. பிறகு நாமே பேசி, நாமே விருது கொடுத்து, அப்பா விசில் ஊதுவார். ரயில் கிளம்புகிற மாதிரி.

1970-ஆம் வருஷத்தோடு நம் கமிட்டி நின்றுபோனது. ஏன் என்பது இருக்கட்டும். 71 முதல் எல்லாம் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. தபாலிலேயே முடித்துவிடலாமா? பட்டியலை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க சேலையூருக்கு வருவோம். அதற்குள் முடித்துவிட்டால் விசில் ஊத வசதியாக இருக்கும்.

கொடிகள் இருக்கின்றனவா, இல்லை பாத்திரம் துடைக்க எடுத்துவிட்டாயா?

பதிலுக்குக் காத்திருக்கும்
ஐசக்


சேலையூர்,
3-3-89

அன்புள்ள தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். பிளாரன்ஸுக்கும் சொல்.

அவளை மாடிப்படி அதிகம் ஏற விடாதே. மாங்காய் வற்றல் பார்சலில் அனுப்புகிறேன். என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகம்.

கொடிகள் கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்குகின்றன. பாத்திரம் துடைக்கிறேனாம். உனக்கு வாய் மட்டும் குறையவில்லை.

கமிட்டியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி? சிறந்த துணை நடிகருக்கு யானையைச் சொன்னவன் நீ. ஏழு வயது. அப்பாவும் அதை எடுத்துக்கொண்டு, "யானை சொந்தக் குரல்லதான் பிளிறிச்சி, எவனோ மைக்ல பிளிறல. விதிப்படி கரெக்ட்" என்று விசிலே ஊதிவிட்டார். அந்த வருஷம் பத்திரிகையில் விருது வாங்கிய ஏகாம்பரநாத்துக்குத் தெரிந்திருந்தால் மனிதர் தூக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

அப்பாவின் விதிகளை நீ மறந்திருப்பாய். எழுதிவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். ஓசி பாஸில் பார்த்த படத்துக்கு ஓட்டு இல்லை. அழுகிற காட்சிக்கு மார்க் இல்லை, அழ யாருக்கும் முடியும். இரவல் குரலுக்கு விருது இல்லை. பார்க்காத படத்துக்கு வாயைத் திறக்கக்கூடாது.

71: சிறந்த நடிகர் என்று சுகுமாரதாஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு. 'ஏழாம் தெரு எழுபது' படத்தில் தபால்காரராக வந்தவரை விட்டுவிட்டு இவருக்கா? தாஸ் நடக்கும்போதே கேமரா எங்கே என்று பார்த்துக்கொண்டு நடப்பார். என் ஓட்டு தபால்காரருக்கு. 72: சிறந்த படம், சரிதான், பச்சை. சிறந்த பாடகிக்கு மட்டும் சிவப்பு. அந்தம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது. நான் டெலிபோன்காரி, என் காதை ஏமாற்ற முடியாது.

இப்போது மீனுக்குக் கோவளத்திலிருந்து பூவம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். பஸ்ஸில் கூடையோடு ஏறி கேம்ப் ரோடில் இறங்கி வீடு வீடாக. நல்ல மீன், வாய் அதைவிட நல்ல வாய்.

உன் அக்கா,
செல்வமேரி


பிலாய்,
24-3-89

பிரியமான அக்காவுக்கு, தோத்திரம்.

வற்றல் வந்தது. பிளாரன்ஸ் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள், அரைமணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. டாக்டர் எல்லாம் சரி என்கிறார்.

உன் கையெழுத்தைப் பார்த்து இங்கே எல்லோரும் அச்சா என்று கேட்கிறார்கள். அக்கா ஸ்கேல் வைத்து எழுதுவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

தபால்காரருக்கு என் பச்சை. பாடகி விஷயத்தில் உன் காதுக்கே விட்டுவிடுகிறேன். யானைத் தீர்ப்பை நான் இன்றும் திரும்பப் பெறமாட்டேன்.

அடுத்தது 73. சிறந்த துணை நடிகை. 'தாழம்பூக் கடிதம்' படத்துக்காக விஜயநளினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் அவரோடு நின்ற பெயரையும் மலரில் போட்டிருக்கிறார்கள். 'ஆற்றுக்கு அக்கரை வீடு' படத்தில் நடித்த சுபரேகா.

உன் ஓட்டு என்ன, அக்கா?

அன்புடன்
ஐசக்


சேலையூர்,
20-4-89

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம்.

ஈஸ்டர் நல்லபடி கழிந்தது. அப்பா, அம்மா கல்லறைகளுக்கு வெள்ளையடித்தேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பிளாரன்ஸ் நிறைய மோர் குடிக்கட்டும்.

74: சிறந்த நடிகை, பச்சை. யார் கேட்டாலும் பச்சை. சிறந்த நகைச்சுவை நடிகர், பச்சையோ பச்சை. அந்தப் படத்தை தாம்பரம் டெண்டுக் கொட்டகையில் பார்த்தபோது பின்வரிசையில் ஒருத்தர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தார், நானே பார்த்தேன். 75: சிறந்த படம் சிவப்பு. மூன்று மணி நேரம் அழுதார்கள். அப்பா விதிப்படி பூஜ்யம். 76-க்கு எனக்கு யோசிக்க வேண்டும்.

73-இல் அந்த இரண்டாவது படம் நான் பார்க்காதது. பார்க்காத படத்துக்கு வாயைத் திறக்கக்கூடாது, விதி. மேலே போ.

பூவம்மாள் நேற்று வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டே என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். "இன்னாடி பார்க்கிறே?" என்றேன். "ஒண்ணியும் இல்லக்கா. எங்க ஊராண்ட ஒரு டீச்சரம்மா மாதிரி ஒருத்தங்க கீறாங்க. ஜாக்கெட்டு தெப்பாங்க. உங்க சாடையாவே கீறாங்க, அத்தான் பார்த்துகினு இருந்தேன்" என்றாள். சாடை ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். மீன் கிலோ என்ன விலை என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

செல்வமேரி


பிலாய்,
8-5-89

பிரியமான அக்காவுக்கு, தோத்திரம். இங்கே சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

சுற்றி வளைத்தது போதும். நான் பட்டியலை எடுத்ததே 73-க்காகத்தான். உனக்கு அது முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

பூவம்மாள் சொன்ன ஆள் ஞானம் அக்காதான்.

பத்திரிகைக்குத்தான் சுபரேகா. நமக்கு ஞானம்மாள். அம்மா போனபிறகு நம் இரண்டு பேருக்கும் சோறு ஊட்டி, தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்தவள். இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் கோடம்பாக்கம் போனாள். "திரையில் பார்க்கலாம், வீட்டிலிருந்து போகக்கூடாது" என்று அப்பா கதவைச் சாத்தினார். நாம் ஞாயிற்றுக்கிழமைக் கொடிகளை அதோடு சுருட்டி வைத்தோம். அவளுக்கு ஏழு படம்தான் கிடைத்தது. பிறகு கூப்பிடுவார் இல்லை. கோவளத்தில் ஒரு சின்ன வீடு, ஒரு தையல் மிஷின். கல்யாணம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது நான் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை அக்கா. கிளம்பும்போது மட்டும், "ஒரு தடவ அந்த வாசப்படி ஏறிட்டு வந்தா போதும் ஐசக்" என்றாள். அப்பா இப்போது இல்லை. சாத்திய கதவைத் திறக்க உன்னைத் தவிர யாரும் இல்லை. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவள் நம் வீட்டிலிருந்து கிளம்பி கோயிலுக்கு வரவேண்டும். இதுதான் நான் கேட்பது.

ஐசக்


பிலாய்,
11-7-89

பிரியமான அக்காவுக்கு, தோத்திரம்.

ஜூன் 19-ஆம் தேதி பெண் பிறந்தாள் என்று தந்தி கொடுத்தோம். நீ அனுப்பிய பார்சல் வந்தது. கவுன், தொட்டில் துணி, வசம்பு, பால் சங்கு எல்லாம் இருந்தன. ஒரு வரிகூட எழுதாத பார்சல் உன்னிடமிருந்து இதுதான் முதல் தடவை. அட்டையின் உள்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

கவுன் தையல் மிகவும் அழகு. கழுத்தில் சின்னச் சின்ன முடிச்சு வைத்து அப்படி யார் இப்போது தைக்கிறார்கள் என்று பிளாரன்ஸ் கேட்கிறாள்.

கோபமா அக்கா? கோபமென்றாலும் எழுது.

ஐசக்


சேலையூர்,
2-8-89

அன்புள்ள தம்பிக்கு. பிள்ளைக்கும் தாய்க்கும் என் முத்தங்கள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம்தான். வேறு என்ன.

அவள் சினிமாவுக்குப் போனதற்கு எனக்குக் கோபமில்லை. அது அப்பாவின் கோபம், அவரோடு புதைத்தாகிவிட்டது. "சினிமாக்காரி தங்கச்சி" என்று என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மொக்கு மொக்கென்று பஜ்ஜி தின்றதைக்கூட நான் மறந்துவிட்டேன். வந்தவர்களில் ஒருவனும் லட்சணமாகவும் இல்லை.

அன்றைக்குக் காலையில் அவள்தான் எனக்குத் தலை வாரினாள். பதினேழு வயதுக் கழுதைக்கு. எப்போதும் போல ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ஆடாத மேரி" என்று மண்டையில் சீப்பால் ஒரு தட்டு. இரட்டைப் பின்னல். நான் பள்ளிக்கூடம் போனேன், சாயங்காலம் வந்தால் அவள் இல்லை. "போறேண்டி" என்று ஒரு வார்த்தை அந்த வாயில் வரவில்லை. அன்றைக்கு நான் பின்னலை அவிழ்க்கவே இல்லை. எத்தனை நாள் அப்படியே வைத்திருந்தேன் என்று உனக்கு ஞாபகமிருக்காது. பேன் வந்து அப்பா கத்திரிக்கோலை எடுத்தார்.

நான் ஏன் டெலிபோன் வேலைக்குப் போனேன் தெரியுமா? அப்பா டீச்சர் வேலைக்குத்தான் எழுதச் சொன்னார். தாம்பரத்துக்கு எங்கிருந்து கால் வந்தாலும் போர்டு வழியாகத்தானே வரவேண்டும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ட்ரங்க் கால் புக் பண்ணுவாள் என்று நினைத்தேன். கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி, கடன்காரன், காதலர்கள், ராங் நம்பர். ஊரில் எல்லாருடைய குரலும் என் காதுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு குரல் வரவில்லை. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வருகிறது, ஐசக். அதுதான் என் கோபம்.

வாசப்படி ஏறிவிட்டு வந்தால் போதுமாமே. அவளுக்குப் போதும். எனக்கு?

73-ஐ விட்டுவிடு.

செல்வமேரி


பிலாய்,
21-8-89

பிரியமான அக்காவுக்கு.

விட்டுவிட்டேன். பட்டியலை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். இனி கேட்கமாட்டேன்.

எதிர்பார்க்க வேண்டாம் என்று அவளுக்கும் எழுதினேன். "சரி" என்று கார்டு போட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைதான் கார்டு முழுக்க.

நீ டீச்சர் வேலைக்குப் போகாத காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளை உன்னை மாதிரி முறைக்கிறாள்.

ஐசக்


சேலையூர்,
17-10-89

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? ஜுரம் வந்தால் பயப்படாதே.

மழை பிடித்துக்கொண்டது. கேம்ப் ரோடில் முழங்கால் தண்ணீர். பூவம்மாள் நான்கு நாளாக வரவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை. டி.வி.யில் சாயங்காலப் படம். எப்போதும்போல எதிர்வீட்டு முனிரத்தினம் குடும்பம் மொத்தமும் என் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. படத்தின் பெயர் வந்தது. 'ஆற்றுக்கு அக்கரை வீடு'. நான் எழுந்து அணைத்திருக்கலாம். முனிரத்தினத்தின் மனைவி முறுக்குத் தட்டை என் மடியில் வைத்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே இப்போது நான் பார்த்த படம். ஓசி பாஸும் இல்லை, டி.வி. என் சம்பளத்தில் வாங்கியது. தீர்ப்பு எழுதுகிறேன், பட்டியலை பைபிளிலிருந்து எடு.

கறுப்பு வெள்ளைப் படம். அவள் கதாநாயகனின் விதவைத் தங்கையாக வருகிறாள். முதல் பாதியில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். கோபக் காட்சியில் கண்ணை உருட்டுகிறாள். முனிரத்தினம் சிரித்தார். அவரை நான் ஒரு பார்வை பார்த்தேன், ஆனால் அவர் சிரித்தது நியாயம்தான். அழுகிற காட்சி மூன்று. விதிப்படி கணக்கில் இல்லை. 'தாழம்பூக் கடித'த்தில் விஜயநளினி ஒரே ஒரு தடவை விளக்கைத் தூண்டிவிட்டுவிட்டுத் திரும்புவாரே, அதற்கு இதெல்லாம் பக்கத்தில் வராது. பத்திரிகைக்காரன் ஒரு வருஷமாவது சரியாகக் கொடுத்திருக்கிறான்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. அண்ணன் மகளுக்குத் தலை வாருகிறாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழந்தையின் தலையை இரண்டு கையாலும் நேராக்கி, சீப்பால் ஒரு தட்டு. என் மண்டையில் பட்டது. நிஜமாகவே கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதற்கு நான் எப்படி மார்க் போடுவேன்? இது நடிப்பு இல்லையே. வீட்டில் செய்ததை அங்கே போய்ச் செய்திருக்கிறாள்.

பிறகு ரிப்பனை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் பாயின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். "ராதா" என்று கேட்டது. அவள் குரல் இல்லை, ஐசக். வேறு யாரோ பேசியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாதிப் படத்துக்குப் பேசிய அதே கீச்சுக்குரல். முகத்தைக் காட்டினார்கள், கையைக் காட்டினார்கள், பல்லைக்கூடக் காட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்து எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எவளோ ஒருத்தியுடையதை எடுத்து ஒட்டிவைத்திருந்தார்கள். நான் சமையற்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அழ யாருக்கும் முடியும், தெரியும்.

இன்னொரு குறை. கூப்பிடும்போது அவள் உதடு முதலில் மூடித் திறக்கிறது. ராதா என்று சொல்ல உதட்டை மூடவேண்டியதில்லை. டப்பிங் கோளாறு என்று அதற்கும் மார்க் குறைத்தேன்.

தீர்ப்பு: இரவல் குரலுக்கு விருது இல்லை. சிவப்பு. இதில் நீ கெஞ்சினாலும் மாற்றமில்லை.

ஆளை வரச்சொல். கிறிஸ்துமஸ் வரைக்கும் எதற்கு? சொந்தக் குரலோடு வரச்சொல்.

செல்வமேரி


பிலாய்,
1-11-89

என் அக்காவுக்கு.

உன் கடிதத்தை பிளாரன்ஸுக்கு வாசிக்க ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. மீதியை அவள்தான் எனக்கு வாசித்தாள்.

அன்றைக்கே கோவளத்துக்கு எழுதினேன். உன் தீர்ப்பை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன், கண்ணை உருட்டியது உட்பட. பதில் வந்துவிட்டது. விருது கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மேரி இப்போதும் இரட்டைப் பின்னலா?" என்று கேட்டிருக்கிறாள். பயமாக இருக்கிறதாம். உப்புக்காற்றில் தொண்டை கரகரத்துப்போய்விட்டது, கேட்டால் உனக்கு அடையாளம் தெரியாது என்கிறாள். வருவதாக எழுதவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

நாங்கள் டிசம்பர் 20-ஆம் தேதி வண்டி ஏறுகிறோம்.

ஐசக்


சேலையூர்,
26-11-89

அன்புள்ள தம்பிக்கும் பிளாரன்ஸுக்கும் பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

நான் சுகம். நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும், கை பழக்கத்தில் வரவில்லை.

நேற்று மத்தியானம் நான் டியூட்டி முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பூவம்மாள் சத்தம். "யக்கா, இன்னிக்கு மீன் இல்ல. ஆள இட்டாந்துகிறேன். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மணி நேரமா, திரும்பிப் பூடலாம் பூடலாம்னு ஒரே பேஜாரு. கையப் புட்ச்சி இஸ்துகினு வந்தேன்" என்று அவள் கத்தினாள். நான் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலுக்குப் போனபிறகுதான் பார்க்கிறேன், கதவுக்குப் பின்னாலிருந்து பச்சைக் கொடியை உருவிக்கொண்டு வந்திருக்கிறேன். தெருவெல்லாம் பார்க்க அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில்வே கார்டு மகள்தானே.

அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். மெலிந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து உதட்டை மூடித் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை மூடித் திறந்தாள். "மேரி" என்றாள். கரகரத்துத்தான் போயிருக்கிறது. ஆனால் அவளுடையதுதான்.

ராத்திரி சாப்பிடும்போது அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். "ராதான்னுதான் கூப்பிடச் சொன்னார் டைரக்டர். எத்தினி தடவ எடுத்தாலும் தப்பாவே வந்துச்சு. பிலிம் வேஸ்ட் ஆவுதுன்னு திட்டினார். அப்புறம் டப்பிங்ல பார்த்துக்கலாம்னு வுட்டுட்டார்" என்றாள். என்ன தப்பு வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த உதட்டைத்தான் கேட் பக்கத்தில் பார்த்துவிட்டேனே.

பிள்ளைக்குக் கவுன் அளவு சரியாக இருந்ததா என்று கேட்டாள். யார் வீட்டுப் பிள்ளைக்கு என்று பூவம்மாள் சொல்லாமலே தைத்தாளாம், தைக்கும்போதே தெரியுமாம். நீ அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதே.

73 தீர்ப்பில் மாற்றமில்லை. விஜயநளினிக்கே பச்சை. ஞானம் அக்காவும் அதற்குத்தான் கை தூக்கினாள், "நான் கண்ண உருட்டினது எனக்கே சகிக்கல" என்கிறாள். 76-இலிருந்து மூன்று பேருமாக உட்கார்ந்து முடிப்போம். விசிலைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்து கோணலும் மாணலுமாக இருந்தால் முழங்கால் வலி கைக்கு ஏறிவிட்டதோ என்று பயப்படாதே. எழுத விட்டால்தானே. முடி பாதி நரைத்துவிட்டது, எதற்கு இரண்டு பின்னல் என்றாலும் கேட்கவில்லை. பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு பின்னாலிருந்து, "ஆடாத மேரி, ஆடாத" என்கிறாள்.

உன் அக்கா,
செல்வமேரி